கையெழுத்துப் போடாத டாக்டர்

"பதினாறு பேர் போட்டாச்சு டாக்டர். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

லொரெதானா கையெழுத்துக்காக ஃபைலை நீட்டினாள். சான் தெயோபால்தோ ஆஸ்பத்திரி இயக்குநரின் செயலாளர் அவள்.

டாக்டர் சாந்த்ரின் வாங்கவேயில்லை.

"இப்ப முடியாதும்மா. மத்தியானத்துக்கு மேல பார்க்கலாம்."

சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

லொரெதானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு மணிக்கு விழா!

பிறருடைய எலும்பு மஜ்ஜையைப் பொருத்திக்கொண்ட சிலரை, அந்த மஜ்ஜையில் பிறந்த அணுக்களே தாக்கும். தோல் பலகையாய் இறுகிவிடும். அவர்களுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களுக்குப் புற ஊதா ஒளி காட்டித் திரும்ப ஏற்றுகிற சிகிச்சைக்கு நிபுணர் குழு ஒரு நெறிமுறை வகுத்திருந்தது. டாக்டர்கள் பதினேழு பேரும் கையெழுத்திட, அதை ஆஸ்பத்திரி இன்று ஏற்றுக்கொள்கிறது. டிவிக்காரர்கள்கூட வந்தாயிற்று.

"கிழவர் போடலையா?" இயக்குநர் கல்வான் சிரித்தார். "அவர் இன்னும் அட்டை விட்டு ரத்தம் எடுக்கிற காலத்துல இருக்கார்!"

"ரிட்டயராக எட்டு மாசம்தான். புதுசா எதைக் கண்டாலும் பயம்," என்றாள் தலைமை நர்ஸ் நிவேஸ்.

"பயமாவது! குழுவுல தன்னைச் சேர்க்கலைன்னு வயித்தெரிச்சல்," என்றாள் லொரெதானா.

எல்லாரும் சிரித்தார்கள்.

பதினோரு மணிக்குக் கல்வான் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "இனி இங்கே ஒரு நோயாளிகூட, ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டார்!"

நர்சுகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ப்ரொசெக்கோ ஒயின் பாட்டில்கள் திறந்தன.

இறங்கி வந்தவர் லொரெதானாவின் காதோரம், "கீழே போய் மெஷின் ரூமைத் திறந்து வை. ஃபைலை மெஷின் மேல வச்சு ஒரு படம் எடுக்கணும்," என்றார்.

அறை திறந்தேயிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஒரு பெண். பக்கத்தில் ஸ்டூலில் டாக்டர் சாந்த்ரின்.

"கதவைச் சாத்தும்மா. இவங்களுக்குக் குளிருது."

"நர்ஸ் யாரும் இல்லையா டாக்டர்?"

"எல்லாரும் மேல கை தட்டறாங்களே."

கட்டிலில் இருந்தவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். கியோஜ்ஜா ஊரில் மீன்கடை வைத்திருந்த ஃபியோரெல்லா. தோல் இறுகிக் கை மடங்காமல் போய், கடையை மூடிவிட்டவள்.

"நேத்து ஒரு தடவை ஏத்தினாங்க. இன்னிக்கு விழா, ரெண்டாவதை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு போன் வந்துச்சு. டாக்டர்தான், 'நீங்க வாங்க, நான் இருக்கேன்'னார். முதல் ரயில் பிடிச்சு வந்துட்டேன்."

லொரெதானா கையிலிருந்த ஃபைலைப் புரட்டினாள். நாலாம் பக்கம்: 'இரண்டு சிகிச்சைகளும் அடுத்தடுத்த நாட்களில் தரப்பட வேண்டும்.'

கடைசிப் பக்கத்தில் பதினாறு கையெழுத்துகள்.

மெஷின் திரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு சாந்த்ரின் சொன்னார்:

"இன்னும் நாற்பது நிமிஷம்மா. இது முடிஞ்சதும் கொடு, போடறேன். அதுக்கு முன்னாடி போட்டா பொய்க் கையெழுத்து."