மூக்கு உரிந்த டிரம்காரன்

"மேல ஒருத்தி கூடு கட்டி உட்கார்ந்திருக்கும்போது காத்தடிச்சா…" என்று, நான் கிளையாக இருந்த வேப்பமரம் அடிக்கடி சொல்லும். மீதி நினைவில்லை. என்னைச் சிலையாகச் செதுக்கியபோது அந்தப் பகுதி சீவலோடு போயிருக்க வேண்டும்.

இப்போது நான் நகரத்துக் கடற்கரைச் சாலையில் நிற்கும் மரச்சிலை பேண்டு குழுவில் டிரம்காரன். வெயிலில் மூக்கில் பெயின்ட் உரிந்து இரண்டு வருஷமாகிறது. அன்று காலை பெயின்டர் சவரிமுத்து மற்ற ஆறு பேருக்கும் வண்ணம் அடித்துவிட்டு என்னிடம் வந்தார். டிரம்முக்கும் என் மார்புக்கும் நடுவே ஒரு காகம் கூடு கட்டி முட்டையிட்டிருந்தது.

"நாளைக்கும் கூடு இருந்தா, உனக்கு அடுத்த வருஷம்தான்யா பெயின்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காகம் என் காலைப் பார்த்தது. அடியில் ஓர் ஆணி கழன்றிருந்ததால், காற்றடித்தால் நான் ஆடுவேன். மனசு வைத்தால் ஆடாமலும் நிற்க முடியும்.

"அண்ணே, நீங்க ஆடினா முட்டை விழுந்துடும். கொஞ்சம் பிடிச்சு நில்லுங்களேன்."

"நான் கலைப்படைப்பு, தெரியுமா? என்னைப் பார்க்க ஊரே வருது. இந்த மூக்கோட இன்னொரு வருஷம் நிக்கச் சொல்றியா?"

"நேத்து ஒருத்தர் உங்க தலையிலதான் ஈரத்துண்டைக் காயப்போட்டாரு. மூக்கைப் பார்த்த மாதிரி தெரியலையே."

அப்போது கடல் பக்கமிருந்து காற்று எழுந்தது. மீதமிருந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்பது என்று முடிவு செய்தேன்.