நாலாவது சீட்

"மேடம், மூட்டை சார் மறுபடியும் உள்ள போயிட்டாரு!"

காவலாளி வந்து சொன்னதும் அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

புதிதாகத் திட்டமிடும் ராக்கெட்டில் ஆட்களும் சாமானும் ஒரே கலத்தில் போக வேண்டும். ஆட்கள் பிரிவுக்கு இவள் தலைவி. சாமான் பிரிவுக்கு அவர். எந்தக் கூட்டத்திலும் "இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தலாமே" என்று ஆரம்பிப்பதால், ஆபீஸே அவருக்கு மூட்டை என்று பெயர் வைத்துவிட்டது.

நாளைக்கு இயக்குநர் முன்னால் முடிவாகிவிடும். நாலு சீட்டா, மூணா? மூணு என்றால் நாலாவது ஆளாகப் போக வேண்டிய டாக்டரம்மா பூமியிலேயே நிற்க வேண்டியதுதான். பாவம், ராப்பகலாகப் பயிற்சி எடுக்கிறாள். அந்த ஒரு சீட்டுக்காக இவள் பண்ணாத தகிடுதத்தம் இல்லை.

விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். ஒட்டுப்பலகையில் செய்த மாதிரிக் கலத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மூணு சீட்டில் மணல் மூட்டைகள்! நாலாவது சீட்டில், கையில் அளவு டேப்போடு மல்லாந்து கிடந்தார் மனுஷன்.

"என்ன சார், ஆளுங்க இடத்துல இப்பவே மூட்டையை ஏத்திப் பாக்குறீங்களா?"

"அது... சும்மா ஒரு சந்தேகம்மா."

"எனக்கும்தான் சார் சந்தேகம்!"

அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தபடி இறங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார்.

'கையும் களவுமா மாட்டினதும் நொண்டி நாடகமா? கல்லுளிமங்கன்! நாளைக்கு வெச்சுக்கறேன்' என்று கறுவினாள்.

மறுநாள் கூட்டத்தில் அவள் வாயைத் திறப்பதற்குள் மூட்டை எழுந்துவிட்டார்.

'போச்சு, சீட்டுக்கு உலை வைக்கப்போறாரு.'

"சார், கதவுப் பக்கத்துல இருக்கிற சாமான் அலமாரியை எடுத்துடறேன். நாலு பேரும் உட்கார்ந்திருக்கும்போது அவசரம்னா, நாலாவது ஆளோட முழங்கால் அதுல இடிக்குது. சட்டுனு வெளிய வர முடியல."

"அப்ப அந்தச் சாமான்?"

"ஆளில்லாத ராக்கெட்டுல தனியா அனுப்பிக்கலாம் சார்."

இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. "வழியை அடைச்சு அலமாரி வெச்ச புத்திசாலி யாருய்யா?"

"நான்தான் சார்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலாவது சீட்டுக்கு இடம் பண்ண, அவர் லீவில் போன சமயமாகப் பார்த்து, சத்தம் போடாமல் அலமாரியைக் கதவுப் பக்கம் தள்ளியவளே இவள்தான். காலி சீட்டுகளை வைத்துச் சோதித்ததில், இடிப்பது தெரியவே இல்லை.

இயக்குநர் அவரைக் காய்ச்சி எடுத்தார். மூட்டை தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நாலு சீட்டும் தப்பித்தது.

கூட்டம் கலைந்ததும் நடைக்கூடத்தில் ஓடிப்போய் அவரை மறித்தாள்.

"நான் பண்ணின தப்பு சார் அது! உங்களுக்குத் தெரிஞ்சும் ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"உங்க தப்புன்னா சீட்டைத் தூக்கியிருப்பாங்கம்மா. என் தப்புன்னா மூட்டையைத்தானே தூக்குவாங்க!"