சிவப்பு வட்டம்

ஹரிதாஸ் அங்கிளின் தலையைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கீழே, 'தங்கா பத்துப் பக்கம் பிள்ளை பிடிக்கிறவன், ஜாக்கிரதை' என்று மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

அகல்யாவுக்கு இதுதான் வீட்டுப்பாடம். ஆயர் குரோ கல்லூரியில் சமூகப் பணி படிக்கிறாள். உங்கள் பக்கம் சுற்றுகிற ஒரு சேதியைப் பிடியுங்கள், அது எந்த வீட்டில் பிறந்தது என்று தேடுங்கள், தினம் ஒரு ட்வீட், உறுதியானதை மட்டும் எழுதுங்கள் என்றிருந்தார் விரிவுரையாளர்.

அம்மா ஜானகிக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷமாகத் தான் சும்மா செய்த ஊர்வம்பு வேலைக்கு மகளுக்கு மார்க் போடுகிறார்களாமே.

பிள்ளை, ஆறாவது வீட்டு ஹாஜராவின் மகள் லுத்ஃபியா. ஹாஜராவுக்குத் தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட். அவள் கேட்டுக்கொண்டதால்தான் பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளையை அங்கிள் கூட்டி வந்துகொண்டிருந்தார். இதுதான் அகல்யாவின் முதல் ட்வீட். பன்னிரண்டு லைக்.

அங்கிள் இப்போது கேட்டைத் திறப்பதே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை பஸ் ஸ்டாப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, தாய் வரும்வரை. கூட்டி வர எல்லோருக்கும் மனசுதான். படத்தில் விழத்தான் யாருக்கும் மனசில்லை.

பாசார் மாலாம் இரவுச் சந்தை குரூப், கோயில் குரூப், தையல் குரூப் என்று அகல்யா பின்னோக்கிப் போனாள். போகப் போகப் பழைய படமாகக் கிடைத்தது. முதலில் வட்டம் மறைந்தது. பிறகு எச்சரிக்கை. வெட்டிப்போட்ட ஓரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

புகைமூட்டத்தில் மஞ்சள் வெயில். இரண்டு பேரும் தரையில் கால் படாமல் மிதந்து போகிற மாதிரி இருந்தது. போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது இப்படித்தான் ஒரு கனவு வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் உம்பாயில் இருக்கும் சித்தி முழுப் படத்தையும் அனுப்பினாள். உங்கம்மா போனிலிருந்து வந்ததுதான் என்றாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். 'ஹரிதாஸ் அங்கிள் கூடப் போறது யாரு பிள்ளை?'

படத்தின் ஓரத்தில் ஜன்னல் திரை விரலகலத்துக்கு விழுந்திருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு நீலக்கிளியின் வால்.

அகல்யா கோபத்தோடு மாடியிலிருந்து இறங்கினாள். அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே, சத்தியமாய்த் தான் அனுப்பவில்லை என்றாள். அந்த ஜாலானில் எந்த வீட்டிலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அகல்யாவும் நம்பவில்லை.

அம்மா ஈரத்துணியை உதறி மேசையில் விரித்தாள். நீலக்கிளிகள்.

தீபாவளிக்குப் புதுத் திரை மாட்டியபோது கிழித்துப்போட்ட பழசு. அதுவரை மாடி அறை ஜன்னலில் தொங்கியது. முட்டிவலி வந்ததிலிருந்து அம்மா மாடிப்படி ஏறி ஒரு வருஷம் இருக்கும்.

அந்த அறையில் காய்ச்சலோடு ஒரு வாரம் அந்தக் கிளிகளையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் ஒருத்திதான். தன் போன் ரிப்பேரில் இருந்ததால் அம்மாவின் போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு.

அம்மா மகளுக்கு நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

"யாரைக் கேட்டாலும் என்னைத்தான் சொல்வாங்க. அம்மான்னே போடு லா, மார்க்காவது வரட்டும்."

அகல்யா நின்றபடியே அன்றைய ட்வீட்டை எழுதி அனுப்பினாள். ஒரே சொல்: 'நான்.'

மகளின் ட்வீட் எல்லாம் வந்து விழும் அம்மாவின் போனும் சிணுங்கியது. அவள் அதை எடுத்துப் படிப்பதற்குள், மகள் ஹரிதாஸ் அங்கிள் வீட்டுக் கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.