வாலாட்டிக் குருவியின் கணக்கு

ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. அக்கரைக்குத் தப்பிக்க ஓர் ஆட்டு மந்தை கயிற்றுப் பாலத்துக்கு ஓடி வந்தது. முன்னால் வந்த கிடாவின் கழுத்தில் மணி. அதன் தாளத்துக்குத்தான் மொத்த மந்தையும் கால் வைக்கும். அதில் அவற்றுக்கு ஒரே பெருமை.

“நில்லுங்கள் அண்ணே! இந்தத் தாளத்தில் போனால் பாலம் கவிழ்ந்துவிடும்” என்றது கயிற்றில் இருந்த வாலாட்டிக் குருவி.

“எருமையே போன பாலம் இது!” என்றது கிடா.

“எருமை தனியாகப் போனது. நான் ஊஞ்சலாடும் கொடி, என் வால் ஒருமுறை ஆடுவதற்குள் போய்வரும். பாலத்தின் தொங்கல் அந்தக் கொடியின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு. தொங்கல் நான்கு மடங்கானால் ஆடும் நேரம் இரண்டு மடங்கு. அப்படியென்றால் இரண்டு வாலாட்டலுக்குப் பாலம் ஒருமுறை ஆடும். உங்கள் மணியும் அதே கணக்கில்தான் அடிக்கிறது. எல்லாரும் அதற்கு ஒன்றாக மிதித்தால், ஊஞ்சலைத் தள்ளித் தள்ளி விடுவதுபோல் ஆட்டம் ஏறும்.”

கிடா நம்பவில்லை. முதல் பலகையில் நின்று மணித் தாளத்துக்கு மிதித்துப் பார்த்தது. மிதிக்க மிதிக்க ஆட்டம் பெருகி, “ஐயோ, போதும்!” என்று பாலமே அலறியது.

கிடா குருவியிடம் கழுத்தை நீட்டியது. குருவி மணிக்குள் புல்லை அடைத்தது. ஆடுகள் முதல் முறையாக ஆளுக்கொரு நடையில் நடந்து கரையேறின.

“என்மேல் வந்தவர்கள் எல்லாம் நான் எவ்வளவு தாங்குவேன் என்றுதான் பார்த்தார்கள்” என்றது பாலம். “எப்படி ஆடுவேன் என்று பார்த்தவள் நீ ஒருத்திதான்.”

குருவி வாலை இரண்டு முறை ஆட்டியது. பாலம் மெல்ல ஒருமுறை ஆடியது.