தொலைதூரப் படி

"மழைத் தண்ணி ரோட்டை அரிச்சிட்டுப் போயிருக்கும்போல சிஸ்டர். பாலத்து மேலயே வண்டி நிக்குது!" போனில் ஆம்புலன்ஸ் டிரைவர் கத்தினார்.

ஊர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் போனோடு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே நெட்டையன் பெண்டாட்டி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. தலை வர வேண்டிய இடத்தில் ஒரு கை வந்திருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும்.

"மழையா? இங்கே ஒரு தூறல்கூட இல்லையேப்பா!"

"மேல எங்கியாச்சும் பெஞ்சிருக்கும். பெரிய பள்ளம் சிஸ்டர், வண்டி இறங்காது. எப்படியாச்சும் தூக்கிட்டு வந்துருங்க."

வாசலில் நின்ற நெட்டையனிடம் விஷயத்தைச் சொன்னாள். பனைமரம் மாதிரி இருப்பவன், அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த மனுஷன்.

"இப்ப உக்காந்து அழற நேரமா? போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வா!" என்று அவள் போட்ட அதட்டலில்தான் எழுந்து ஓடினான்.

நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் நடந்தார்கள். கூடவே ஓட்டமும் நடையுமாகப் போன நர்சை, வேறொரு பயமும் பிடித்து ஆட்டியது. இந்த ரோடு உடைந்ததற்குத் தானே காரணம் என்று அவள் நம்பினாள்.

இந்த ஊருக்கு எந்த நர்சும் வரத் தயாராக இல்லை. இவளும் சேவை செய்யக் கிளம்பி வந்தவள் இல்லை. சம்பளத்துக்கு மேலே தருகிற தொலைதூரப் படிக்காக வந்தவள். டவுனில் வேலை போன கணவர், காலேஜில் மகள். வெறும் சம்பளம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்தப் படிக்கு ஒரு விதி இருந்தது. ஊருக்குள் வண்டி வர வழி இருக்கக் கூடாது. ஆனால் போன மாதம் ஓடைக்குப் பாலம் கட்டி, ரோடும் போட்டுவிட்டார்கள். அதைப் பார்க்க இன்று அதிகாரி வருகிறார். அவருடைய ஜீப் ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டால் படி கட்.

"படி போச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை? அடுத்த வாரமே மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவேன்" என்று நேற்று ஆயாவிடம் புலம்பித் தீர்த்தாள். ஆயாவிடம் சொன்னால் அப்புறம் ஊருக்குத் தனியாகத் தண்டோரா போட வேண்டாம்.

அந்த ஆயாவிடம்கூடச் சொல்லாத ஒன்றும் உண்டு. 'கடவுளே, இந்த ரோடு உடைஞ்சு தொலையக் கூடாதா?' என்று சாமி படத்துக்கு முன்னால் மனசார வேண்டியிருந்தாள். நல்லது கேட்டபோதெல்லாம் காது கேளாத சாமிக்கு, இது மட்டும் எப்படிக் கேட்டதோ!

"நர்சம்மா... என் புள்ள பொழைச்சிருமா?" படுத்திருந்தவள் நர்சின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பொழைக்கும்டி. நீ முக்காம, இடது பக்கமாவே படுத்திரு. ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா!"

வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். துடிப்பு இருந்தது, ஆனால் புறப்பட்டபோது இருந்த வேகம் இல்லை. "நடங்க, நடங்க" என்றாள்.

ஓடைக்கு வந்தார்கள். ஓடையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. பாலம் குத்துக்கல்லாட்டம் நின்றது. பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் ரோட்டின் குறுக்கே இடுப்பளவுப் பள்ளம். பக்கத்தில் ஈரம் காயாத மண், வெட்டிப் போட்ட மாதிரியே குவிந்து கிடந்தது.

பார்த்ததும் நர்சுக்குப் புரிந்தது. இது மழையும் இல்லை, அவள் வேண்டுதலும் இல்லை. ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த நொடி உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நெட்டையன் முதல் ஆளாகப் பள்ளத்தில் குதித்தான். மற்றவர்களோடு சேர்ந்து ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடித்து, அந்தப் பக்கம் நின்ற டிரைவரிடம் ஏற்றிக் கொடுத்தான். நர்சும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிக் கடந்தாள்.

"சீக்கிரம் ஏறுங்க சிஸ்டர்! போறதுக்கே ரொம்ப நேரமாகும்" என்று டிரைவர் கதவைத் திறந்து பிடித்தார். அவளால் ஏற முடியவில்லை. திரும்பினாள்.

"எந்தப் படுபாவிடா ரோட்டை வெட்டினது? பொம்பளைங்க, புள்ளைங்க போற வழின்னு தெரியாது? இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எவன்டா பதில் சொல்லுவான்?"

தூக்கி வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டையன் மட்டும் இன்னும் பள்ளத்துக்குள்ளேயே நின்று, வண்டிக்குள் கிடந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் நர்சைப் பார்த்துக் கைகூப்பினான்.

"இவ பிரசவத்துக்கு நீங்க இருக்கணும்னுதான் நர்சம்மா வெட்டினேன்."