நெற்றிக்காசு

பாரிஸில் யூரோ வந்து, பழைய பிராங்க் காசு செல்லாமற்போன மறுநாள் சிற்றம்பலத்தை எரிக்கக் கொண்டுபோனார்கள். பெட்டியை மூடுமுன் நெற்றியில் காசு வைக்கவேண்டும். தம்பி கதிர்காமநாதன் சந்தனத்தைத் தொட்டு, மினுங்கும் புது யூரோ ஒன்றைப் பதித்தான். சிற்றம்பலத்தின் மனைவி புவனலோசனி அதைப் பிடுங்கியெடுத்தாள். மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்த மனிதர் அந்தக் காசைக் கண்ணாலும் கண்டதில்லை. கைப்பையிலிருந்து ஒரு பிராங்கை எடுத்து, விதை தூவும் பெண்ணின் உருவம் மேலே தெரிய, அதே சந்தனத்தில் அழுத்தினாள்.

“என்ன அண்ணி, செல்லாக்காசோட அனுப்பப் போறியளோ?”

அண்ணனுக்கு அவன் வைத்திருந்த பெயரே அதுதான். தன் உணவகத்தில் பதினான்கு வருடம் கோப்பை கழுவியவரை, வந்தவர் போனவர் முன்னாலெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டான்.

“உந்தக் காசுக்குத்தானே தம்பி, அவரின்ரை விரலெல்லாம் ஊறி அழுகினது,” என்றாள். பிறகு யூரோவை அவன் உள்ளங்கையில் வைத்தாள். “இது உமக்கு. கவனமா வைச்சிரும். நாளைக்கு உம்மடை நெத்தியிலை வைக்க ஒருத்தரும் காசு தேடித் திரியக் கூடாது.”

பெட்டி மூடுகிறவர் மூடியைத் தூக்கினார். கதிர்காமநாதன் கையை மூடவுமில்லை, விரிக்கவுமில்லை.