கொக்கி போட்ட வழக்கு

"கோர்ட்ல நீ வாயே திறக்கக் கூடாது. எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார் மாடி வீட்டு வக்கீல். ஃபீஸும் வேண்டாம் என்றுவிட்டார். கீழே இஸ்திரிக் கடை வைத்திருப்பவருக்குக் கண் கலங்கியது.

மின்கம்பத்தில் கொக்கி போட்டுத் திருட்டு மின்சாரம் எடுத்ததாக வழக்கு.

லைன்மேனை மடக்கினார் வக்கீல். "கடைச் சுவர்ல இருந்த ஒயர்ல கரண்ட் ஓடுச்சா?"

"மெயினை நிறுத்திட்டுத்தான் சார் நாங்க கையே வைப்போம்."

"அப்போ ஓடினதைப் பார்க்கல!"

சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தார் நீதிபதி.

வெளியே வந்ததும் இஸ்திரிக்காரர் கேட்டார்: "சார், நான் தேய்க்கிறது கரிப்பெட்டி. கடையில ஒரு பல்புகூடக் கிடையாது. அதைச் சொல்லியிருந்தா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே?"

வக்கீல் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"முடிஞ்சிருக்கும்யா. அப்புறம் அந்த ஒயர் எங்கே போகுதுன்னு பார்க்க மாடிக்கு ஏறி வந்திருப்பாங்களே!"